ஒரு கைக்கு எத்தனை கிராம்

எருத்தேன்பதியில் ஜீவிதாவின் கையைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஜீவிதாவைப் பற்றிப் பேசுகிற ஆள்தான் அதிகம் கிடையாது.

கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் மத்தியானம் கேரியரைத் திறக்கிறவர்கள் சாம்பார் வாசம் வந்ததுமே, "அந்தப் பொண்ணு கையில என்னமோ இருக்குதப்பா" என்பார்கள். என்ன இருந்தது என்று அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்: விரல் இடுக்கில் புளித் தண்ணீர் அரித்த புண், மணிக்கட்டில் வடிதட்டு சுட்ட தழும்பு, வலது கட்டைவிரலில் போகாத ஒரு குடைச்சல். ஆனால் யாரும் கேட்கவில்லை. புகழ்கிறவர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

தென்னையில் வாடல் விழுந்து தோப்பு பாதி மொட்டையானபோது அவள் கணவன் மோகனசுந்தரம் வீட்டுக்குப் பின்னால் தகரம் வேய்ந்து, கம்பெனிகளுக்குச் சாப்பாடு அனுப்புகிற மெஸ் ஒன்றை ஆரம்பித்தான். காலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைத்தால் பத்து மணிக்கு வேன் கிளம்பும். நூற்றிச் சில்லறை சாப்பாடு. வேனின் இரண்டு பக்கமும் சிவப்பு எழுத்தில் 'ஜீவிதா மெஸ்' என்று எழுதியிருந்தது. அவள் பெயர் தினமும் கஞ்சிக்கோடு வரைக்கும் போய்விட்டு வந்தது. அவள் தகரத்துக்கு அடியில் இருந்தாள்.

மோகனசுந்தரம் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வாங்கி வந்த காய்கறியை அவனே சுமந்து உள்ளே வைப்பான். திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் ஜீவிதா பல நாள் தவித்திருக்கிறாள். அவள் எங்காவது போக வேண்டும் என்று சொன்னால் வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டான். "போலாம். ஆனா உன்ற கைப்பக்குவம் ஆருக்கு வரும்?" என்று கேட்பான். நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது? பாராட்டை மறுத்துச் சண்டை போட யாருக்கு வரும்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தூர்ப் பக்கம் அவள் அம்மா இறந்தபோது நடந்ததை அவள் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள், காய் நறுக்குகிற இந்து சமைத்த சாம்பார் அப்படியே திரும்பி வந்துவிட்டது. கம்பெனியில் சத்தம் போட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே அம்மா வீட்டு வாசலில், அழுத பெண்கள் இன்னும் கலையாத நேரத்தில், 'ஜீவிதா மெஸ்' வேன் வந்து நின்றது. மூன்றாம் நாள் காரியத்துக்குக்கூட அவள் இல்லை. தன் பெயர் எழுதிய வண்டியே தன்னைப் பிடித்துக்கொண்டு போக வந்தது.

அதனால்தான் தங்கை யோகப்பிரியா போன் செய்து, "அக்கா, டாக்டர் தேதி குடுத்துட்டாங்க" என்றதும் ஜீவிதாவுக்குச் சந்தோஷத்தோடு பயமும் சேர்ந்தே வந்தது. யோகப்பிரியாவைக் கொடுத்திருந்தது இடுக்கியில், பூப்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில். புருஷன் அங்கே சூப்பர்வைசர். மாமியார் இல்லை. அம்மாவும் போய்விட்டாள். தலைப் பிரசவம்.

"நீ ஒரு மாசம் வந்து இருப்பீல்லக்கா?"

"வராம? பொள்ளாச்சில பஸ் ஏறி, பழனி, தேனின்னு மாறி, போடிமெட்டு ஏறி எறங்குனா உன்ற ஊடு. கண்ண மூடிக்கிட்டு வந்துருவேன்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு இந்துவைக் கூப்பிட்டு, "அன்னிக்கு அம்மா செத்தப்போ சாம்பாருக்கு எவ்வளவு உப்புப் போட்டே?" என்று கேட்டாள்.

"நீங்க போடற மாதிரித்தானுங்கக்கா. அஞ்சு கை."

"கையக் காட்டு."

இந்து கையை நீட்டினாள். ஜீவிதா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். இந்துவின் விரல்கள் ஒரு கணு அதிக நீளம். உள்ளங்கையும் அகலம். அஞ்சு கை என்றால் யாருடைய அஞ்சு கை? இந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷம் கேட்காமல் கைப்பக்குவம், கைராசி என்று பேசிப் பேசித் தன்னை இங்கே உட்கார வைத்துவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காய்கறி நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். உப்பை அள்ளினாள். குண்டாவில் போடுவதற்கு முன்னால் தராசுத் தட்டில் போட்டாள். அறுபத்தி நாலு. இன்னொரு கை. அறுபத்தி ஆறு. மறுநாள் அறுபத்தி ஐந்து. அவளுக்கே ஆச்சரியம். மோகனசுந்தரத்தோடு வாய்த்தகராறு வந்த ஒரு நாள் மட்டும் எழுபத்தி ரெண்டு காட்டியது. கோபத்துக்கும் எடை உண்டு என்று சொல்லி அவளும் இந்துவும் சிரித்துக்கொண்டார்கள்.

தராசில் நிறுக்க வேண்டாமே, டம்ளரால் அளந்தால் இந்துவுக்குச் சுலபமாக இருக்குமே என்று முதலில் நினைத்தாள். அந்த நினைப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கல்லுப்பு தீர்ந்துபோன நாளில் இந்து அதே டம்ளரில் தூள் உப்பைக் கொட்ட, ரசத்தை வாயில் வைக்க முடியவில்லை. டம்ளர் ஒன்றுதான். ஆனால் கல்லுக்கு நடுவில் இருக்கிற சந்து தூளில் இல்லை. அதே டம்ளரில் மிளகாய்த் தூள் எடுத்தால் உப்பின் எடையில் பாதிகூட வரவில்லை. மட்ட அரிசி ஒரு படியும் பொன்னி ஒரு படியும் தராசில் ஒரே எடை காட்டவில்லை. படியும் டம்ளரும் கண்ணை ஏமாற்றும், கிராம் ஏமாற்றாது என்று முடிவு செய்தாள். அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக எழுதினாள்: பருப்பு இவ்வளவு, புளி இவ்வளவு, உப்பு இவ்வளவு. தன் கையைத் துண்டு துண்டாக எடுத்துச் சுவரில் ஒட்டுவதுபோல இருந்தது. வலிக்கவில்லை. ஒவ்வொரு எண்ணும் பூப்பாறைக்கு ஒரு மைல் என்று நினைத்துக்கொண்டு எழுதினாள்.

மாமியார் வள்ளியாத்தாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"அன்னத்தத் தராசுல போடறதா? ஏனுங்கண்ணு, மகாலட்சுமி கோவிச்சுக்கமாட்டாளா?"

"மத்ததெல்லாம் நான் நிறுத்துக்கறேனுங்க அத்தை. அரிசிய நீங்களே அளங்க."

அரிசி அளப்பது அந்த வீட்டில் வள்ளியாத்தாளின் வேலை. கிழக்கே பார்த்து உட்கார்ந்து படியைக் கூம்பாகக் குவித்து அளப்பாள். அரிசியின் தலையைத் தட்டிச் சமப்படுத்த விட மாட்டாள். முதல் படியை 'ஒண்ணு' என்று சொல்லக் கூடாது, 'லாபம்' என்று சொல்ல வேண்டும். லாபம், ரெண்டு, மூணு என்று போய்ப் பத்தில் நிறுத்துவாள். அப்படித்தான் அவள் அளந்தாள், அவள் மாமியாரும் அளந்திருப்பாள்.

எல்லா எண்ணும் சுவரில் ஏறிய பிறகு ஒரு நாள் ஜீவிதா இந்துவிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அன்றைக்கென்று வள்ளியாத்தாளுக்கு மூட்டுப் பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. அரிசியையும் இந்துவே அளந்தாள். சாம்பார் ஜோராக வந்தது. சோறு விறைத்துக்கொண்டு நின்றது. மத்தியானம் கம்பெனியிலிருந்து போன்: சோறா கல்லா என்று.

மோகனசுந்தரம் கத்தவில்லை. "நாந்தான் அப்பவே சொன்னேனே அம்மிணி" என்று பாவமாகச் சொன்னான். அதற்கு அவன் கத்தியிருக்கலாம்.

ஜீவிதா இந்துவைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி அளந்தே? சொல்லு. அப்படியே அளந்து காட்டு."

இந்து படியை எடுத்தாள். "லாபம்" என்று ஒரு படி போட்டாள். அடுத்த படியை எடுத்து "ஒண்ணு" என்றாள்.

"என்னது?"

"லாபம் சாமிக்கில்லீங்களா அக்கா? அதுக்கப்புறந்தான ஒண்ணு?"

இந்து வீட்டில் ரேஷன் கடை அரிசிதான். கிலோக் கணக்கில் வாங்கி, டம்ளரில் எடுத்துப் போடுகிறவர்கள். வள்ளியாத்தாள் லாபம் என்று சொல்வதை இத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறாள். அது கணக்கில் சேர்ந்தது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பத்துப் படிக்குப் பதினோரு படி விழுந்திருந்தது. தண்ணீர் பத்துக்கு. போதாததற்கு இந்துவின் பெரிய கை குவித்த கூம்பு வள்ளியாத்தாளின் கூம்பைவிட உயரம். ஜீவிதாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நேராக மாமியாரின் கட்டிலுக்குப் போனாள்.

"அத்தை, மகாலட்சுமிகிட்ட நானே பேசிக்கறேனுங்க. நாளையிலிருந்து அரிசியும் தராசுலதான்."

வள்ளியாத்தாள், "உன்ற தங்கச்சிக்கு எப்பக் கண்ணு தேதி?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வாரம் மறுபடியும் ஒரு நாள். இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. இந்து சுவரைப் பார்த்துப் பார்த்து நிறுத்துப் போட்டாள். ஜீவிதா ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அள்ளப் போகிற கையை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. வேன் போனது. மத்தியானம் போன் வரவில்லை. மோகனசுந்தரம் திரும்பி வந்து இலையில் உட்கார்ந்தான்.

"ஏனுங்க, சாம்பார் எப்படி இருக்குதுங்க?"

"எப்பவும் போலத்தான். இந்தப் பக்குவம் ஆருக்கு வரும் சொல்லு? உன்ற கை தங்கமாக்கும்."

"இன்னிக்கு நான் அடுப்புப் பக்கமே போகலீங்க. உப்புலருந்து சோறு வடிக்கற வரைக்கும் எல்லாம் இந்து."

வாய்க்குப் போன கவளம் அப்படியே நின்றது. இந்துவைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். பிறகு குழந்தை மாதிரிச் சிரித்தான். "அட, நெசமாவா! எந்தலையில அடிச்சுச் சொல்லு!" இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லிக் குடித்தே பார்த்தான். அவனுடைய சந்தோஷத்தைப் பார்த்த ஜீவிதாவுக்கு இவனைப் போய் என்னென்னவோ நினைத்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

"அப்ப நான் பூப்பாறைக்குப் போலாமுங்களா?"

"போலாம், போலாம்" என்று சொல்லிக்கொண்டே அவன் கையைக் கழுவிக்கொண்டு வேகமாக வெளியே போனான்.

அவள் பரணிலிருந்து பையை இறக்கினாள். தங்கைக்குப் பழைய சேலைகளைக் கிழித்து மடித்தாள். பூண்டு, சுக்கு, மிளகு எல்லாம் பொட்டலம் கட்டினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வேலை செய்துகொண்டே பாடினாள். சாயங்காலம் வரைக்கும்தான் அந்தப் பாட்டு.

சாயங்காலம் மோகனசுந்தரம் ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தான்.

"எலப்புள்ளில எடம் பேசிட்டேன். ரோட்டு மேலயே, தண்ணி வசதியோட. ஒரு கம்பெனிக்காரன் எரநூறு சாப்பாடு கேட்டு ரொம்ப நாளா நச்சரிச்சுட்டு இருந்தான். உனக்கு இருக்கறது ரெண்டு கைதானன்னு நானும் தட்டிக் கழிச்சுட்டே இருந்தேன். இப்பத்தான் செவுத்துல இருக்குதே! எத்தனை பேருன்னாலும் பெருக்கிக்க வேண்டியதுதான. இங்க இந்து பாத்துக்குவா. அங்க நீ."

ஜீவிதா கையில் ஜிலேபித் துண்டோடு நின்றாள். பெருக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கழிப்பதற்காக எழுதிய எண்கள் அவை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அவள் வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"என்ற தங்கச்சிக்குப் பேறுகாலமுங்க."

"எனக்குத் தெரியாதா? ஒரே மாசம். அந்த அடுப்ப ஓட வெச்சுக் குடுத்துட்டீன்னா அப்புறம் எங்க வேணாலும் போ."

"ஒரு மாசம் பொறுத்துப் பொறக்கச் சொல்லிக் கொழந்தகிட்ட ஆருங்க சொல்றது?"

அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். அவள் ஜிலேபித் துண்டைப் பொட்டலத்திலேயே திரும்பப் போட்டாள். "இந்துவ அங்க அனுப்புங்க. இங்க வேற ஆரையாச்சும் வெச்சுக்குங்க. அதான் எல்லாம் எழுதியிருக்குதே, ஆரு வேணாலும் செய்யலாமே!"

"புது எடம் அம்மிணி. கம்பெனிக்காரன் உன்ற பேரச் சொல்லித்தான் ஆர்டரே குடுக்கறான். ஜீவிதா மெஸ்ஸுல ஜீவிதா இல்லீன்னா எப்படி?"

"அவளப் போவ உடு சாமி" என்று கட்டிலிலிருந்து வள்ளியாத்தாள் சொன்னாள். "தாயில்லாத புள்ள, மலை மேல தனியாக் கெடக்குது."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்கம்மா, சும்மா இருங்க."

வள்ளியாத்தாள் சும்மா இருந்தாள். சும்மா இருந்து சும்மா இருந்தே அவளுக்கு அந்த வீட்டில் தலை நரைத்திருந்தது.

பஸ் ஏறிப் போயிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் தாராளமாகக் கேட்கலாம். ஜீவிதாவும் அதைத் தன்னிடம் கேட்டுக்கொண்டாள். பை கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் பூப்பாறை மேட்டில், தங்கை வீட்டு வாசலில், ஏலத்தோட்டத்துப் பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அந்தச் சிவப்பு எழுத்து வேன் வந்து நிற்பது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா வீட்டு வாசலில் பட்டது போதும். பொட்டலங்களைத் தங்கைக்குப் பார்சலில் அனுப்பினாள். பை மறுபடியும் பரணுக்குப் போனது.

எலப்புள்ளிச் சமையல்கட்டு விசாலமாக இருந்தது. புதுத் தராசு, புது அண்டாக்கள். புதுச் சுவரில் அவளே சாக்பீஸால் எண்களை எழுதினாள், பெருக்கி. புது வேன் ஒன்றும் வந்தது. அதிலும் அவள் பெயர்தான். இப்போது அவள் பெயர் இரண்டு வழியில் போய் வந்தது.

ஒரு நாள் காலை, பருப்பு வெந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா... பொண்ணு பொறந்திருக்குது." யோகப்பிரியாவின் குரல் ஈனஸ்வரமாக இருந்தது. "ரெண்டே முக்கால் கிலோ."

ஜீவிதா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "எப்படி இருக்குது? ஆரு மாதிரி?"

"சின்னதா இருக்குதுக்கா. எடுக்கவே பயமா இருக்குது. போட்டோ அனுப்பியிருக்கேன், பாரு."

போட்டோ வரவில்லை. மலையில் சிக்னல் எப்போதும் அப்படித்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பக்கத்து ஊட்டு அக்கா மிளகுக் குழம்பு வெச்சுத் தரேங்குது. நீ அனுப்புன மிளகு எவ்வளவு போடோணும்?"

"உனக்கு மட்டும்னா எட்டு கிராம் போதும் கண்ணு."

"தராசுக்கு நான் எங்கக்கா போறது? கையில சொல்லு."

ஜீவிதா தன் கையை விரித்துப் பார்த்தாள். கை பேசாமல் இருந்தது. அள்ளுவதும் தராசின் எண்ணைப் பார்ப்பதுமாக இத்தனை நாள் ஓடியதில் அதற்கு மறந்துவிட்டது. அவள் மிளகை எடுத்து, தராசில் எட்டு வரும்வரை போட்டு, அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள்.

"உள்ளங்கைக் குழியில பாதி."

"உன்ற உள்ளங்கையாக்கா, என்றதா?"

ஜீவிதா மிளகை மறுபடியும் தராசுத் தட்டில் கொட்டினாள்.

"சரி உடு. நீ வந்திருந்தா நீயே போட்டிருப்பே" என்றாள் யோகப்பிரியா. அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. குழந்தை அழுகிற சத்தம் லேசாகக் கேட்டது, போன் கட்டாகிவிட்டது.

போட்டோவின் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஜீவிதா எழுந்து, சோறு வடிக்கிற கருப்புசாமி நிறுத்து வைத்திருந்த அரிசியிலிருந்து ஒரு பேசினில் அள்ளித் தராசில் வைத்தாள். கொஞ்சம் கூட்டினாள், கொஞ்சம் எடுத்தாள். இரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பது. கூம்பு வைத்த இரண்டு படிகூட இல்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. தோளில் கிடந்த துண்டில் அதைக் கொட்டி மூட்டையாகக் கட்டி இடது கையில் ஏந்திக்கொண்டாள். அரிசி உள்ளே சரிந்து முழங்கைப் பக்கம் ஒதுங்கியது. தலை இல்லை, கால் இல்லை, சூடு இல்லை. ஆனால் எடை சரியாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை மெதுவாக ஆட்டினாள்.

அந்தப் பக்கம் கருப்புசாமி, களைவதற்கு முன்னால் அரிசியை மறுபடியும் தராசில் வைத்துப் பார்த்தான். எதையும் இரண்டு தடவை நிறுக்கச் சொல்லிப் பழக்கியதே அவள்தான்.

"அம்மிணி, ஒலை கொதிக்குதுங்க. அரிசிதான் கொறையுது."

"எவ்வளவு?"

"ரெண்டே முக்கால் கிலோங்க."

ஜீவிதா துண்டின் முடிச்சை அவிழ்த்தாள்.